அக்கா சொன்ன இருபது

கார் பந்தயத்தில் வேகமாக ஓட்டுகிறவன்தான் ஜெயிப்பான் என்று யாராவது உங்களிடம் சொன்னால், தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அவரோடு வாதாடிப் பிரயோஜனமில்லை. ஜெயிப்பது டயர். அதுவும் இந்தக் கதையில் வருகிற பந்தயத்துக்கு ஒரு பொல்லாத விதி உண்டு. சனிக்கிழமை தகுதிச் சுற்றில் எந்த நான்கு டயரில் ஓடினாயோ, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தையும் அதே நான்கு டயரில்தான் ஓடி முடிக்க வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது. சனிக்கிழமை ஆசைப்பட்டு டயரைத் தேய்த்து முன்வரிசையைப் பிடித்தால், மறுநாள் பாதியிலேயே கார் வழுக்கத் தொடங்கிவிடும். டயர்மேல் பாசம் வைத்து மெதுவாக ஓடினாலோ, பின்வரிசையில் நின்று அடுத்தவன் கிளப்பும் சூட்டையும் தூசியையும் தின்ன வேண்டியதுதான். விதியை எழுதிய மகானுபாவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். மற்றவர்களுக்குத்தான் தூக்கம் போனது.

தூக்கம் போனவர்களில் முதல் ஆள் அக்கா. கராஜில் இருந்த சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவரான முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். ஓடுபாதை ஓரத்துச் சுவரை ஒட்டி, நாலைந்து திரைகளுக்கு முன்னால், காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து ஓட்டுகிறவனிடம் பேசுவது அவள் வேலை. எங்கே விரட்டலாம், எங்கே அடங்க வேண்டும், டயரில் இன்னும் எவ்வளவு உயிர் பாக்கி, எல்லாம் அவள் வாயால்தான் அவனுக்குப் போகும். காருக்குள் இருக்கிறவனுக்கு வேறு ஒரு குரலும் கேட்காது.

அந்தக் காருக்குள் இருந்தது அவளுடைய சொந்தத் தம்பி. கராஜில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் ஆளைப் பார்த்து வைத்த பெயர். சோறு ஆறும்வரை காத்திருக்க மாட்டான். கதவைத் திறக்கும்போதே பாதி உடம்பு உள்ளே போயிருக்கும். ஒரே ஒரு சுற்று ஓட்டச் சொன்னால் அவனை அடிக்க ஆளே கிடையாது. பந்தயம் முழுக்க ஓட்டச் சொன்னால்தான் சிக்கல். நான்கு டயரையும் பாதி தூரத்துக்குள் தின்று ஏப்பம் விட்டுவிட்டு, பின்னால் வருகிறவனுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு வந்து சேர்வான். 'டயர்தின்னி' என்ற பட்டம் அவனுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது.

முதலாளியிடம் இரண்டு கார்கள் இருந்தன. அடுத்த வருஷம் ஒன்றுதான் ஓடும் என்று சொல்லிவிட்டார். இன்னொரு காரை ஓட்டியவனுக்கு 'சாமியார்' என்று பெயர். கோபப்பட மாட்டான், சத்தம் போட மாட்டான், டயரைத் தடவிக் கொடுத்து ஓட்டுவான். முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரே வார்த்தையில் முடித்தார்.

"கடைசிப் பந்தயத்துல உங்க ரெண்டு பேர்ல யாரு முன்னாடி வர்றீங்களோ, வண்டி அவங்களுக்கு. அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட வந்து மூக்கை உறிஞ்சக் கூடாது."

சாமியாருக்கு வேறு இடத்தில் கதவு திறக்கும். தம்பிக்குத் திறக்காது. டயர்தின்னியை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? இந்தக் கார் போனால் அவன் ஓட்டுவதும் போச்சு. அக்காவுக்கு அது தெரியும்.

இங்கே அக்காவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சேர்ந்து வேலை செய்த முதல் வருஷம் அவள் உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். டயரில் நாற்பது சதவீதம் இருக்கிறது என்றால் நாற்பது என்பாள். தம்பியோ நாற்பதையும் அடுத்த மூன்று சுற்றில் செலவழித்துவிட்டு, "என்னக்கா, தீந்துடுச்சு?" என்று கேட்பான். தலைதலையாக அடித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள் நாற்பதை முப்பது என்றாள். பத்து கைவசம் மிஞ்சியது. அன்று அவன் கார் ஒழுங்காக வந்து சேர்ந்தது, பழைய பட்டம்தான் போகவில்லை. அதிலிருந்து எப்போதும் பத்து குறைத்துத்தான் சொல்வாள். வீட்டில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைப்பார்களே, அந்த மாதிரி. "அவ்வளவுதானா? நிஜமாவா?" என்று அவன் சந்தேகப்பட்டால், "சத்தியமாடா" என்பாள். கண்ணை மூடித் திறக்காமல் சொல்வாள். செய்வது பாவம் என்று தோன்றியதே இல்லை. அவனுடைய நல்லதுக்குத்தானே.

டயரைக் கையால் தொட்டுப் பார்க்கிற டயர்க்காரருக்குக்கூட அவள் இதைச் சொன்னதில்லை. தம்பிக்குத் தெரிந்திருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. தகுதிச் சுற்றுக்குக் கார்கள் கிளம்பின. முதல் வேகச் சுற்றிலேயே தம்பி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டான். முதல் இடத்துக்கும் அவனுக்கும் இமைக்கும் நேரம்தான் வித்தியாசம். அக்கா திரையில் டயரின் சூட்டைப் பார்த்தாள். இன்னொரு சுற்று ஓடினால் மேல்தோல் போய்விடும்.

ரேடியோவில் அவன் குரல் துள்ளியது. "இன்னொரு சுத்துக்கா! முதல் இடம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. ஒண்ணே ஒண்ணு!"

"போதும். உள்ள வா."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, வரப்போகிற சண்டைக்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இவன் ஒற்றைக் காலில் நிற்பானே, என்ன சொல்லி மடக்குவது என்று மனதுக்குள் வார்த்தை தேடினாள். ரேடியோவில் சத்தமே இல்லை. கடைசி வளைவில் கார் வேகம் குறைந்து, நல்ல பிள்ளையாக கராஜ் பக்கம் திரும்பியது.

டயர்க்காரர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். முதலாளி ஹெட்செட்டைக் கழற்றி, "உள்ள இருக்கிறது நம்ம அவசரம்தானா? ஆளை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

சாமியாரும் ஒரே சுற்றோடு நிறுத்திக்கொண்டான். அவனுக்கு ஐந்தாம் இடம்.

கூட்டம் கலைந்த பிறகு டயர்க்காரர் நான்கு டயரையும் கழற்றிப் போட்டு, ஒட்டியிருந்த ரப்பர் துணுக்குகளைச் சூடு காட்டிச் சுரண்டினார். பிறகு மேல்தோலில் இருந்த சின்னச் சின்னக் குழிகளில் அளவு ஊசியை விட்டு, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஆழம் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இவன்கிட்ட போன டயர் இப்படித் திரும்பி வந்து நான் பாத்ததே இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா அவனுக்கு?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கான்" என்றாள் அக்கா. சந்தோஷம் முகத்தில் தெரியாமல் இருக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சின்ன வயதில் சைக்கிளில் அவனை உட்கார வைத்து, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவள் அவள். பிடியை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிடித்துக்கொண்டே ஓடுவாள். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒரு சொல்லுக்கு எதிர்ப்பேச்சு இல்லாமல் அவன் கட்டுப்பட்டது இன்றைக்குத்தான். பையன் பெரிய மனுஷனாகிவிட்டான். பெரிய மனுஷனிடம் போய் இன்னும் பத்தை ஒளித்துக்கொண்டு விளையாடுவதா? நாளைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று அங்கேயே தீர்மானித்தாள். அவள் வாழ்க்கையில் எடுத்த நல்ல தீர்மானங்களில் அது ஒன்று. விளங்காமல் போனதும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் முக்கால்வாசி வரை குறை சொல்ல முடியாதபடி போனது. முன்னால் ஒருவன் தனியாக ஓடிப் போய்விட்டான், அவன் நமக்குச் சம்பந்தமில்லாதவன். தம்பி இரண்டாவதாக ஓடினான். நடுவில் எங்கோ இரண்டு பேரை நைசாகத் தாண்டி மூன்றாவதாக வந்து சேர்ந்தான் சாமியார். வந்து சேர்ந்ததும் முட்டி மோதவில்லை. ஒட்டிப் போனால் முன்கார் கிளப்பும் சூட்டில் தன் டயர் வெந்துவிடும் என்று தெரிந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு நிழல் மாதிரி வந்துகொண்டிருந்தான். அப்படி வருகிறவனைப் பார்த்தால்தான் முன்னால் போகிறவனுக்கு எரிச்சல் வரும்.

இன்னும் ஐந்து சுற்று பாக்கி.

"எவ்ளோக்கா இருக்கு?" என்று கேட்டான் தம்பி.

அக்கா திரையைப் பார்த்தாள், கணக்கைப் பார்த்தாள். டயரில் இருபது இருந்தது. இப்போது போகிற வேகத்தில் போனால் ஐந்து சுற்றுக்கும் சரியாக வரும். சாமியாரால் நெருங்கவும் முடியாது, ஏனென்றால் அவனிடமும் அதே அளவுதான் இருக்கும். ஆனால் ஒரு சொட்டுகூட அதிகம் கிடையாது. இந்த ரக டயருக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. கடைசி வரை சிரித்துக்கொண்டே இருக்கும், ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தீர்ந்ததும் ஒரே வளைவில் கையை விரித்துவிடும்.

"இருபது" என்றாள்.

"இருபதா?"

அவளுக்குப் பதறியது. இவன் நம்பாமல் போய்விடுவானோ என்று பயம். நம்ப வைத்தே ஆக வேண்டும், இன்றைக்கு நம்பாவிட்டால் எல்லாம் போச்சு.

"சத்தியமா இருபதுடா. இதே மாதிரி போ, சரியா வரும். பின்னாடி பாக்காத."

"சரிக்கா" என்றான். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. சொல்லிவிட்டு விரட்ட ஆரம்பித்தான்.

முதலில் அவள் தன் கண்ணையே நம்பவில்லை. சாமியாருக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த தூரம் வளைவுக்கு வளைவு நீண்டது. கராஜில் நாலு பேர் கை தட்டினார்கள். எதற்குக் கை தட்டுகிறோம் என்று தெரியாத ஜனங்கள். அக்கா மட்டும் கை தட்டவில்லை.

"டேய்! ஏன்டா இந்த ஓட்டம்? அடங்கிப் போடா!"

"அவனை உதறிட்டு அப்புறம் மெதுவா போறேன். இருக்குல்ல, என்ன இப்ப?"

"எங்கடா இருக்கு? இருபதுன்னு சொன்னேன்ல?"

"நீ சொன்னா முப்பது. எனக்குத் தெரியாதாக்கா? எப்பவும் பத்து அமுக்கிட்டுத்தானே சொல்லுவ. நீ தீந்துச்சும்ப, அப்புறமும் வண்டி ஓடும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளியின் காதிலும் ஹெட்செட் இருந்தது. அவர் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவர் பார்க்கட்டும், உலகமே பார்க்கட்டும் என்று அவள் மைக்கை வாயோடு இழுத்துக்கொண்டாள்.

"அமுக்கினேன்டா. ஒத்துக்கிறேன். எப்பவும் அமுக்கினேன். இன்னைக்கு அமுக்கலடா! இருபதுன்னா இருபதுதான்!"

"ம்."

"ம் கொட்டாத! அம்மா மேல சத்தியம்!"

அவன் வாய்விட்டுச் சிரித்தது ரேடியோவில் கரகரவென்று கேட்டது. "அம்மாவை வேற இழுத்துட்டியா? அப்ப பதினஞ்சு அமுக்கியிருக்க."

இன்னும் சொன்னாள். கெஞ்சினாள், திட்டினாள், அவள் வாயில் வந்த சத்தியத்தையெல்லாம் செய்தாள். ஒவ்வொன்றுக்கும் கார் இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்தது. 'ஐந்துதான் இருக்கு, செத்தோம்' என்று ஒரு பொய்யை அளந்துவிட்டிருந்தால் அவன் தானாகப் பத்தைக் கூட்டிக்கொண்டு, உண்மைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பான். உட்கார்ந்து கேட்கிற நமக்கு இது தோன்றுகிறது. அவளுக்கும் தோன்றியது, கார் கையை விரித்த பிறகு.

கடைசிக்கு முந்தின சுற்றில், நீண்ட வலது வளைவில், காரின் பின்பக்கம் மெல்ல வழுக்கி வெளியே போனது. தம்பி பிடித்துவிட்டான். அடுத்த வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்தது.

"அக்கா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் சிரிப்பு இல்லை.

"பாத்து வா" என்றாள். வேறென்ன சொல்ல?

அவ்வளவு பாடுபட்டு வாங்கிய தூரத்தைச் சாமியார் ஒரே சுற்றில் தின்றுவிட்டான். பக்கத்தில் வந்தபோதும் அவன் அவசரப்படவில்லை. தம்பி கார் அகலமாக விலகிப் போகும்வரை காத்திருந்து, உள்பக்கமாக மரியாதையாகத் தாண்டிப் போனான். அவனுக்குப் பின்னால் வந்த இன்னும் இரண்டு பேரும் தாண்டினார்கள். தம்பி ஐந்தாவதாக வந்து சேர்ந்தான்.

முதலாளி ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்த கராஜ்காரர்கள் ஆளுக்கொரு வேலை பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

"வண்டி சாமியாருக்கு" என்றார் அக்காவிடம். "அடுத்த வருஷம் அவனுக்கு நீதான் பேசணும். உன்னை விட்டா எனக்கு ஆளில்ல. ஆனா ஒண்ணு. என் ரேடியோவுல இந்தச் சத்தியம் பண்ற வேலை இனிமே வேண்டாம்."

அவள் தன் ஹெட்செட்டையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். எழுந்து போனாள்.

கராஜின் பின்பக்கம், சாமான் ஏற்றுகிற லாரியின் படியில் தம்பி உட்கார்ந்திருந்தான். தலைக்கவசம் காலடியில் கிடந்தது. உடுப்பை இடுப்புவரை கழற்றிவிட்டிருந்தான், உள்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அழுதிருந்தான், அதை மறைக்கவும் இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"நிஜமாவே இருபதுதான் இருந்துதா?"

"ஆமாடா."

"இன்னைக்குன்னு பாத்து ஏன்க்கா?"

"நேத்து வான்னு சொன்னதும் வந்தியே. இனிமே இவன்கிட்ட மறைக்க வேண்டாம்னு நினைச்சேன்."

அவன் ஈர முடியைக் கையால் வழித்துவிட்டுச் சொன்னான். "நேத்து நீ சத்தியம் பண்ணல. போதும், வான்னு சும்மா சொன்ன. அப்படி நீ சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு? அதான் நிஜம்னு தெரிஞ்சு வந்தேன்."

அக்கா யோசித்துப் பார்த்தாள். இன்றைக்கும் முதலில் சும்மாதானே 'இருபது' என்றாள். அவன் 'இருபதா' என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

லாரிக்குள் யாரோ டயர்களைத் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது. தம்பி அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான்.

"சாமியாருக்கு நீ பேசப் போறியா?"

"கேக்கறார். இன்னும் ஒண்ணும் சொல்லல."

"போய்ப் பேசு. அவன்கிட்ட உள்ளதைச் சொல்லலாம், கேப்பான்." பிறகு, குரலில் கோபம்கூட இல்லாமல் கேட்டான். "எனக்கும் அப்படியே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னேன்டா. முதல் வருஷம் பூரா உள்ளதைத்தான் சொன்னேன். நீ மூணு சுத்துல காலி பண்ணிட்டு வந்து நிப்ப."

"அப்ப ஒண்ணும் தெரியாத வயசு. அதுக்கப்புறம் வளந்துட்டேனே. நீ பாக்கலையா?"

அக்கா அவன் தலைக்கவசத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்துதான்டா பாத்தேன்" என்றாள்.